பச்சைத் தாளில் ஒரு குறிப்பு

வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டே கால்.
மனாமாவில் தூதரகத்தின் மூன்றாம் சன்னல்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம்
ஜூலை மாதத்தைச் சட்டையில் நனைத்துக்கொண்டு வந்தவர்கள்.

காலையில் ஒரு பேரீச்சம்பழப் பெட்டி வந்திருந்தது,
கட்டட ஒப்பந்த நிறுவனத்தின் மேலாளரிடமிருந்து.
தங்க நிற ரிப்பன். அடியில் ஒரு கவர்.
பரிசுப் பதிவேட்டில் தேதி போட்டு எழுதி
வந்த டிரைவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.
அவன் அதைத் தூக்கிக்கொண்டு போகையில்
என் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.
அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.
அன்றைக்கு நான் நேர்மையானவளாக இருந்தேன்,
இரண்டே கால் மணி வரை.

மேசையில் இரண்டு கோப்புகள்.
ஏழு: பிருந்தாபன் நாயக், கஞ்சம் மாவட்டம், சாரம் சரிந்து.
எட்டு: பூவராகன், ஸ்ரீமுஷ்ணம், தூக்கத்தில் மாரடைப்பு.
இருவரும் சல்மானியா பிணவறையில்
அடுத்தடுத்த இழுப்பறை.
அங்கே யாரும் யாரையும் முந்தவில்லை.

மூன்று மணிக்குள் ஒரு சான்றுதான் முடியும்.
இரவுச் சென்னை விமானத்தில் ஒரு பெட்டிக்குத்தான் இடம்;
புவனேஸ்வரம் போகிறவரும்
அதில் ஏறித்தான் மாற வேண்டும்.

பிருந்தாபனின் தம்பி நாற்காலி நுனியில் இருந்தார்,
டோக்கனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.
இந்தி அவருக்கும் பாதி, எனக்கும் பாதி.
அப்போது போன். பூவராகனின் மனைவி.
"அம்மா, நீங்க தமிழா?"
அவ்வளவுதான் கேட்டார்.
முன்னே தள்ளுங்கள் என்று சொல்லவில்லை,
அழவுமில்லை.
தமிழா?

எட்டு மேலே வந்தது.
ஏழு கீழே போனது.
முத்திரை குத்தும் சத்தம்கூட வேறுமாதிரி இல்லை.
மறுநாள் வெள்ளி, அடுத்து சனி, விடுமுறை.

குதைபியாவில் என் ஒற்றை அறை.
பரிவா, நடுநிலையா: நூற்றைம்பது சொல்லில் விடை தருக.
தேர்வில் எழுதியிருக்கிறேன். பத்துக்கு ஏழு.
'இரண்டும் முரணல்ல' என்று முடித்திருந்தேன்,
அடிக்கோடு வேறு.

பதினான்காம் உறுப்பை மனத்தில் விரித்தேன்.
எவருக்கும்.
குடிமகன் என்றுகூட இல்லை, எவருக்கும்
சட்டத்தின் முன் சமம் மறுக்கலாகாது,
இந்திய ஆட்சிநிலவரைக்குள்.
'உள்'. அந்தச் சொல்லில் ஒரு துண்டு நிழல் கிடைத்தது.
மனாமா உள்ளே இல்லையே.
இழுப்பறை உள்ளே இல்லையே.
வக்கீல் மாதிரி அதில் சற்று ஒதுங்கி நின்றேன்.
பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது.
உறுதிமொழி சொன்ன வாய்
என்னோடுதானே கடல் தாண்டி வந்திருக்கிறது.

ஞாயிறு காலை
கோப்பின் பச்சைத் தாளில் எழுதினேன்:
வரிசை எண் ஏழும் எட்டும் இடம் மாற்றப்பட்டன.
விதிப்படியான காரணம் இல்லை.
மாற்றியவர் கீழே கையெழுத்திட்டவர்.

குரியாக்கோஸ் சார் வாசித்துவிட்டு
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"யார் கேட்டாங்க இதை?"
யாரும் கேட்கலை சார்.
"கிழிச்சிடு. எல்லாரும் செய்யறதுதானே."
பக்க எண் போட்டாச்சு சார்.
வெகுநேரம் ஏசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு 'பார்த்தேன்' என்று மட்டும் எழுதிச்
சுருக்கொப்பமிட்டார்.
தனக்குரிய ஏதோ ஒரு கோப்பும்
அப்போது அவருக்கு நினைவு வந்திருக்கலாம்.

பதினொரு மணிக்குத் தம்பி வந்தார்.
வியாழக்கிழமைச் சட்டை.
பாதி இந்தியில் சொன்னேன்:
அன்றைக்கே உங்கள் முறை. தவறு என்னுடையது.
புரிந்ததா, தெரியவில்லை.
சான்றை வாங்கி மடிக்காமல் நெஞ்சோடு அணைத்து
தலை குனிந்து நன்றி சொன்னார்.

பரிசுப் பதிவேடு மேசைமேலேயே கிடந்தது,
பேரீச்சம்பழத்துக்குக் கீழே ஒரு வரி காலியாக.
பெற்றது என்ன.
தந்தவர் யார்.
மதிப்பு எவ்வளவு.
திருப்பிக் கொடுத்த தேதி.